கம்மலைக் கொடுத்தவள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலம். கோயிலை ஒட்டி நடந்த வேதபாடசாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை என எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமன். அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர். ஆளாளுக்கு என்ன ஊதியம் என்பது வரை கல்லில் ஏறியிருக்கிறது. அந்தப் பெண்கள் இருவரும் யார் என்பது மட்டும் ஏறவில்லை. வெட்டியவருக்கு அது குறையாகத் தோன்றியிருக்காது. கணக்குக்கு எண்ணிக்கை போதும்.

பெருமாள் கோயில் சுவரிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பின்னறைக்குப் போவது தூரமாகத் தெரியலாம். எனக்கு அது ஒரே பதிவேட்டின் அடுத்த பக்கம்போலத்தான் இருக்கிறது.

பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையை நம்மில் பலர் வாசலோடு பார்த்திருப்போம். பொன்முலாம் பூசிய திருக்கிண்ணம், நற்கருணை வைக்கும் கதிர்ப்பாத்திரம், பூவேலை செய்த பூசை உடுப்புகள், திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் மாதா சுரூபத்தின் முடி, நகைகள், பட்டுச் சேலைகள். சாவி சாமியாரிடம், அல்லது உபதேசியாரிடம். உள்ளே இருக்கும் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுப்பவர்கள் பெண்கள்.

அந்தத் துவைப்புக்கு ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது. 1917-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1306-ஆம் விதிப்படி, பூசையில் பயன்பட்ட கிண்ணத் துகிலையும் பீடத்தின் மேல்துகிலையும் பொதுநிலையினரிடம், கன்னியரிடம்கூட, துவைக்கக் கொடுக்கும் முன் குருப்பட்டம் பெற்ற ஆண் ஒருவர் ஒரு தரம் அலசிவிட வேண்டும். அலசிய தண்ணீரையும் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. அதன் பிறகுதான் பெண்ணின் கை. அதாவது புனிதம் கழுவிப் போன பின் மிஞ்சும் அழுக்கு அவளுக்கு. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் இந்த விதி இல்லை. எங்கள் ஆயா சாகும்வரை பீடத்துணி துவைக்கத் தனி வாளி வைத்திருந்தார். அந்த வாளியில் எங்கள் பாவாடை ஒன்று விழுந்தாலும் திட்டு விழும். விதி போன பிறகும் வாளி போகவில்லை.

துவைப்பதோடு அவள் பங்கு முடிவதில்லை. அந்த அறையில் இருக்கும் தங்கத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. குணமான கை, கால், கண் வடிவில் வெள்ளித் தகடுகள், தொட்டில்கள், தாலிகள். தொட்டிலும் தாலியும் யாருடைய வேண்டுதல் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியக் கிறிஸ்தவருக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது. நம் வீடுகளிலோ கல்யாணத்தில் போட்ட நகையோடு மகளின் பங்கு முடிந்துபோகிறது. நிலம் அண்ணன் தம்பிக்கு. ஆக, ஒரு பெண் காதில் இருப்பதைக் கழற்றி மாதாவுக்குப் போடும்போது, அது அவளுடைய சொத்து முழுவதுமாக இருக்கக்கூடும். பத்து ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் மூன்று இறக்கைகளிலும் அவர் பெயர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆண்கள் கொடுத்தது எப்படி நினைவில் நிற்கிறது என்பதற்குத் தூத்துக்குடி நல்ல சாட்சி. பனிமய மாதாவின் சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறது மரபு. மாதாவின் தங்கத்தேர் முதலில் ஓடியது 1806-இல். அதைச் செய்வித்த பரதவர் சாதித் தலைவருக்குத் தேரே பெயராகிவிட்டது. இன்றும் அவர் தேர்மாறன்தான். அந்தத் தேருக்கு முன்னும் பின்னும் கடலுக்குப் போன கணவன் திரும்பி வர வேண்டுமென்று மாதாவிடம் வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களுக்கு அப்படி ஒரு பட்டம் கிடையாது. தேர் எந்தத் தெருவரை வரும், எந்தத் தெருவுக்குள் வராது என்பதில் நம் கோயில்கள் பலவற்றிலும் சாதி வேறு குறுக்கே நிற்கிறது. சேரிப் பெண்ணின் மோதிரம் உண்டியலில் விழத் தடையில்லை. அது உருகி முடியில் சேர்ந்தபின், அந்த முடி அவள் வாசலுக்கு வராமல் திரும்பிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும்தான். கொடுப்பதை மறைவாகக் கொடு, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்பது நற்செய்தி. பெயர் கேட்பது பெருமை தேடுவதாகாதா? மின்விசிறிக்காரரைக் கிண்டல் செய்துவிட்டு நாமும் இறக்கையில் பெயர் கேட்கலாமா?

நான் இதில் நெடுநாள் தடுமாறினேன். இப்போது எனக்குத் தெளிவாகப் படுவது இது: மறைவாகக் கொடு என்ற கட்டளை கொடுப்பவருக்கு. வாங்கியவரைப் பார்த்து மறந்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. கொடுப்பவரின் அடக்கத்தை வாங்குபவர் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். மாற்கு நற்செய்தியில் பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். சுற்றியிருந்தவர்கள் வீண்செலவு என்று முணுமுணுக்க, நற்செய்தி சொல்லப்படும் இடமெல்லாம் இவள் நினைவாக இதுவும் சொல்லப்படும் என்கிறார் இயேசு. அவளை நினைவுகூரச் சொல்லும் அந்தப் பக்கத்திலேயே அவள் பெயர் இல்லை. பெண்ணிய இறையியலாளர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1983-இல் வெளியிட்ட தன் நூலுக்கு இந்தக் காட்சியிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதையும் அப்படித்தான். காணிக்கை ஞாயிறு தவறாமல் அவளைப் புகழ்ந்து பிரசங்கம் கேட்கிறோம். அதற்குச் சற்று முன் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு சாடுவதை அந்தப் பிரசங்கத்தோடு சேர்த்து நான் கேட்டது குறைவு. சேர்த்துப் படித்தால் அவர் அவளைப் பாராட்டினாரா, அவளுக்கு நேர்ந்ததைப் பார்த்து நொந்தாரா என்ற சந்தேகம் வருகிறது.

திருச்சபையின் சொந்தச் சட்டமே இந்தக் கேள்வியை நம் பக்கம் தள்ளிவிடுகிறது. 1983 தொகுப்பின் 1267-ஆம் விதி, ஒரு நோக்கத்துக்காகத் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. 1292-ஆம் விதி, நேர்ச்சையாக வந்த பொருளைக் கைமாற்ற உரோமின் அனுமதியும் வேண்டும் என்கிறது. சரி, உண்டியலில் ஒரு ஜோடி கம்மல் கிடக்கிறது. அது நேர்ச்சையா, சும்மா போட்டதா? பிள்ளை பிழைத்ததற்கா, கோயில் கூரைக்கா? கம்மலைப் பார்த்தால் தெரியாது. போட்டவளுக்குத்தான் தெரியும். அப்படியென்றால் அவள் சொல் இல்லாமல் அந்த விதிகளைக் கடைப்பிடிக்கவே முடியாது. பொருள் புனிதமாவது அவள் எண்ணத்தால். அந்த எண்ணத்தைக் கேட்க அங்கே ஆளில்லை. எடை போட மட்டும் ஆள் இருக்கிறது.

கேட்டாலும் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பதும் உண்மை. என் அம்மா ஒரு முறை தன் கம்மலை மாதாவுக்குக் கழற்றிக் கொடுத்தார். எதற்கு என்று அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரியும். குடித்துவிட்டு அடிக்கும் கணவன், கலைந்த கரு, வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட மகள் என்று பெண்களின் நேர்ச்சைகளில் பாதி ஊருக்குச் சொல்ல முடியாதவை. அவற்றைப் பளிங்கில் வெட்டி வைத்தால் அது இன்னொரு தண்டனை. மாதாவிடம் மட்டும் சொல்ல முடிந்ததால்தானே அவளிடம் போனார்கள். வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைச் சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாக நிறுத்தியதும் இதனால்தான் அவ்வளவு ஆழமாகப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். நம்மைப்போல் உடுத்தியவளிடம் நம் வீட்டு விஷயத்தைப் பேசலாம்.

ஆகவே நான் கேட்பது பெயர்ப்பலகை இல்லை. பொறுப்பேற்கும் முன் பங்கின் விலைமதிப்புள்ள பொருள்களுக்குப் பட்டியல் போட வேண்டும் என்று 1283-ஆம் விதி ஏற்கெனவே சொல்கிறது. பொருள், எடை, மதிப்பு என்று இருக்கும் அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு கட்டம் போதும். கொடுத்தவள் சொல்ல விரும்பினால் பெயர். விரும்பாவிட்டால், ‘ஒரு பெண், மகளுக்காக’ என்ற அளவில் ஒரு வரி. அதை எழுதுகிற கை ஒரு பெண்ணுடையதாக இருந்தால் சொல்பவர்களுக்கும் எளிது. பங்கு நிதிக்குழுவில் பெண்களும் உட்கார வேண்டும். நகையை உருக்குவது, சேலையை ஏலம் விடுவது என்று முடிவெடுக்கும் நாளில் அந்தக் கட்டத்தை ஒரு தரம் சத்தமாக வாசிக்க வேண்டும்.

எங்கள் பங்கில் இதைச் சொன்னபோது, “அதெல்லாம் மாதாவுக்குத் தெரியும்மா” என்று பெரியவர் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. போன தவக்காலத்தில் தான் போட்ட மூக்குத்தி இப்போது எங்கே இருக்கிறது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.