மயங்கி விழுந்தவர் கோழையா?



சென்ற திருவிழாவின்போது அன்னதான மண்டபத்தில் எம்மருகே இருந்த பெரியவர் ஒருவரிடம், அவர் ஊரில் தடுத்து வைக்கப்பட்டிருந்த காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி, அவங்கள் அடிச்சதிலும் பாக்க, நான் மயங்கி விழுந்ததும் கேட்டதுக்கெல்லாம் ஓமெண்டதும்தான் எனக்கு வெட்கம். முதுகிலை செடில் குத்திக் காவடி எடுத்தவன் நான். அதைத் தாங்கினவனுக்கு இதைத் தாங்க ஏலாமல் போச்சே" என்றார்.

அன்று எமக்கு மறுமொழி வரவில்லை. நாம் கணக்கு எழுதுபவர், வைத்தியர் அல்லர். பின்னர் படித்தும் கேட்டும் அறிந்ததை அவருக்காகவும் அவரைப் போன்றோருக்காகவும் எழுதுகிறோம்.

எமது உடம்பில் எம்மைக் கேளாமலே இயங்கும் நரம்புகள் உண்டு. அவற்றைத் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்பர். கடும் நோ ஏற்பட்டால் அதன் ஒரு பிரிவாகிய பரிவு நரம்புகள் விழித்தெழும். அதிரீனலின் இரத்தத்தில் கலக்கும், இதயம் விரைந்து துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், கண்மணி விரியும், வியர்வை கொட்டும். சிலவேளை இதற்கு மாறாக, மற்றப் பிரிவைச் சேர்ந்த வேகசு நரம்பு மேலோங்கும். அப்போது துடிப்புத் தளர்ந்து, அழுத்தம் வீழ்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைய, மனிதர் மயங்கி விழுவார்.

இதில் மன உறுதிக்கு எவ்வளவு இடமுண்டு? சத்திரசிகிச்சை மேசையில் முற்றாக நினைவிழந்து கிடப்பவருக்கும், கத்தி படும்போது துடிப்பும் அழுத்தமும் ஏறுவதுண்டு. அதைக் கண்டு வைத்தியர் மருந்தைக் கூட்டுவார். அங்கே வீரரும் இல்லை, கோழையும் இல்லை. உடம்பு மட்டுமே உண்டு.

அப்படியானால் செடிலைத் தாங்கியது எப்படி? ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் படுகாயமுற்ற வீரர்களை ஆராய்ந்து 1946இல் எழுதினார். அவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் நோமருந்து வேண்டாம் என்றனராம். காயம் பட்டதால் உயிரோடு வீடு திரும்பலாம் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என அவர் கருதினார். நோவின் அளவு காயத்தில் மட்டும் இல்லை. அதன் பொருளிலும் உண்டு. காவடிக்கு நேர்த்தியும் விரதமும் மேளமும் அரோகராவும் சுற்றத்தாரும் துணை. வேண்டுமென்றால் நிறுத்தவும் முடியும். பூட்டிய அறையில் பிறர் தரும் நோவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

எமது சமயமும் இதை அறியும். தருமசேனர் என்ற பெயருடன் சமண மடத்தில் இருந்த திருநாவுக்கரசரைச் சூலை நோய் பற்றியபோது, அவர் பதைத்து அறையில் விழுந்தார். கற்ற வித்தைகளால் தடுத்தும் நோ மேலும் மேலும் ஏற, பாம்பின் நஞ்சு தலைக்கேறியவர்போல் மயங்கினார் என்கிறார் சேக்கிழார். அவரே பின்னர் ஏழு நாள் நீற்றறையில் வாடாமல் இருந்தார். மயங்கியதை மறைக்கவேண்டும் என்று பெரியபுராணம் நினைக்கவில்லை. அதனால் அப்பர் எமக்குச் சிறியவராகவும் இல்லை.

"வாய் திறவாமலே தாங்கியவர்களும் உளரே" என ஒருவர் கேட்கலாம். அவர்களை வணங்குவோம். அதற்காக மற்றவர் குற்றவாளி ஆகார். நோவில் சொன்ன ஒரு பெயரால் வேறொருவர் துன்பப்பட்டிருந்தால்? இது கடினமான கேள்வி. அந்தத் துக்கம் சொன்னவரோடு இருக்கும். அதை நாம் இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் குற்றம் அடித்த கையையே சேரும். சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும், அப்படிப் பெற்ற வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்கிறது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் தந்த வாக்குமூலத்தையும் நீதிமன்றில் ஏற்க வழி திறந்தது. அதன் விளைவை எம்மவர் பலர் உடம்பிலே சுமக்கின்றனர்.

இரவில் கதவு தட்டும் ஓசைக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறதா? அதுவும் அதே நரம்புகளின் வேலைதான். சிட்னியில் 1988இலும் மெல்பேர்ணில் 1987இலும் தொடங்கிய ஸ்டார்ட்ஸ், பவுண்டேஷன் ஹவுஸ் என்னும் நிலையங்கள் இதற்கென்றே உள்ளன. அங்கு செல்வது வெட்கமன்று.

பெரியவரே, உங்களுக்கு நாம் சொல்லாமல் விட்ட மறுமொழி இதுதான்: அன்று விழுந்தது உங்கள் உடம்பு. உங்கள் மானம் விழவில்லை.

முருகன் துணை.