அருளும் அறிவும்

அருள் என்பது உள்ளத்தின் நெகிழ்ச்சி மட்டுமா, அன்றி அறிவும் அதன் உறுப்பா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நெகிழ்ச்சியே போதுமென்போர், நோக்கம் தூயதாயின் விளைவு பற்றிக் கவலற்க என்பர். அறிவும் வேண்டுமென்போர், பிறிதோர் உயிருக்கு நன்மை செய்ய விழைபவன் அந்நன்மை யாதென அறியவும் கடமைப்பட்டவன் என்பர். அரசர், ஞானியர் கதைகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் வழக்கம். தாயை இழந்த பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டும் இதனை ஆராயலாம். பொருள் சிறிதாவதால் வினா சிறிதாகிவிடாது.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். மயில் அதனை உடுக்கவோ போர்க்கவோ மாட்டாது என்பதை அறிந்தும் அவன் ஈந்தான் என்பதே பரணர் கூற்று. புறநானூற்றின் மற்றொரு பாடலில் அவன் இயல்பைக் கொடைமடம் என்று அவர் சுட்டினார். அறியாமையைக் குறிக்கும் மடம் என்னும் சொல் அங்குப் புகழ்ச்சியாகி நிற்கின்றது. அப்புகழ் பொருத்தமானதே. ஆயின், பேகனின் கொடையால் மயிலுக்குத் தீங்கேதும் நேரவில்லை என்பதையும் கருதுதல் வேண்டும். போர்வை பயனின்றிப் போயிருக்கலாம். அது மயிலைக் கொன்றிராது. கொடைமடம் ஈவோனின் செல்வத்தை மட்டும் குறைப்பின் அஃது அழகு. பெறுகின்ற உயிரையே அது குறைக்குமாயின் அதனை எவ்வாறு மதிப்பது?

இவ்வினா யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எந்த வீட்டு முற்றத்திலும் எழக்கூடியது. நெடுந்தீவின் கல்வேலி இடுக்கிலோ, ஊர்காவற்றுறையில் கைவிடப்பட்ட வீடொன்றின் திண்ணையிலோ கண் திறவாத குட்டியொன்று கிடக்கின்றது எனக் கொள்வோம். இரக்கமுள்ள சிறுவன் ஒருவன் அதனை எடுத்து வருகின்றான். தாய் சிரட்டையில் பசுப்பால் வார்க்கின்றாள். மறுநாள் குட்டிக்கு வயிற்றோட்டம் காண்கின்றது. அது கத்துவதைப் பசியெனக் கருதி மேலும் பால் கொடுக்கின்றனர். மூன்றாம் நாள் குட்டி இறந்துவிடுகின்றது. அதன் விதி அவ்வளவுதான் என்று வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். அவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. குறைந்தது யாது?

பூனையின் பாலோடு ஒப்பிடுமிடத்துப் பசுப்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. அவற்றின் அளவை நோக்கப் பாற்சர்க்கரை மிகுதி. செரியாது எஞ்சும் சர்க்கரை குடலினுள் நீரை ஈர்த்து வயிற்றோட்டத்தை உண்டாக்கும். ஆட்டுப்பாலும் இவ்வகையில் பசுப்பாலினின்று பெரிதும் வேறுபட்டதன்று. பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் நிறையே உடைய உயிருக்கு நீரிழப்பு ஒரு நாளிலேயே கூற்றுவனாகலாம். முதற் சில வாரங்களில் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே பேண இயலாது. உடல் குளிர்ந்த குட்டியின் குடல் இயக்கம் தளர்ந்துவிடும்; ஆதலின் முதலில் வேண்டுவது சூடு, அதன் பின்னரே உணவு. மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பாலூட்டினால் பால் நுரையீரலுட் புகக்கூடும். வயிறு நிலம் நோக்க வைத்தே ஊட்டுதல் வேண்டும். முதல் மூன்று வாரங்கள் வரையில் தாய் நக்கித் தூண்டினாலன்றி அது மலசலங் கழிக்காது. தாயில்லாவிடத்து வெந்நீரில் நனைத்த மென்துணி அவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

மனிதக் குழந்தைக்கு நல்லதெனக் கருதப்படுவன பல குட்டிக்குத் தீதாதல் இங்குத் தெளிவாகும். அவ்வீட்டாரின் அன்பு குட்டியைக் குட்டியாகக் காணவில்லை. தம் குழந்தையின் சாயலாகவே கண்டது. பிறவுயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதுதல் அருளின் தொடக்கம். ஆயின் பிறவுயிரின் உடலைத் தன் உடலாகக் கருதிவிடின் அவ்வருளே வழிதவறும். நற்பண்பு முழுமைபெற நடைமுறை அறிவு இன்றியமையாதது என அரிஸ்டோட்டில் கருதியமைக்கு இச்சிறு நிகழ்ச்சி தக்க சான்று.

அவ்வாறாயின் அறியாதவர் அனைவரும் குற்றவாளிகளா என்று வினவலாம். அல்லர். முதல் நாள் வார்த்த பாலுக்காக அத்தாயை எவரும் பழிக்கவியலாது. பூனைக்குப் பால் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கு. இரண்டாம் நாளிலேயே அறத்தின் சோதனை தொடங்குகின்றது. வயிற்றோட்டம் என்பது வாயில்லா அவ்வுயிர் கூறும் மறுமொழி. கொடுத்தது ஒவ்வவில்லை என்று அதன் உடல் அறிவிக்கின்றது. அம்மொழியைக் கேளாது கொடுத்ததையே மீண்டும் கொடுக்கும்போது அருள் பிடிவாதமாகின்றது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாவென்பர். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொல்வர். தனக்காக ஆராயும் ஆற்றலற்ற குட்டிக்காகப் பேணுபவரே ஆராய்தல் வேண்டும். பாலை நிறுத்தி உப்புங் குளுக்கோசும் அளவாகக் கலந்த நீரைச் சிறிது சிறிதாக ஊட்டுதல், மிகையூட்டலோ குடற்புழுவோ காரணமாவென நோக்குதல், மிருகவைத்தியரை நாடுதல், பின் பூனைக்குட்டிகளுக்கென ஆக்கப்பட்ட பான்மாவைக் கரைத்துக் கொடுத்தல் ஆகியன அவ்வாராய்ச்சியின் பயன்கள்.

நெடுந்தீவில் இது எளிதன்று. குறிகட்டுவான் இறங்குதுறையை அடையவே ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவுமில்லை. நன்னீர் அரிதான தீவில், மனிதரே மருத்துவத்துக்குக் கடல் கடக்கும் நிலையில், ஒரு பூனைக்காக இத்துணை முயற்சி தகுமா என்னும் கேள்வி நியாயமானது. குழந்தைக்கும் குட்டிக்குமிடையே ஒன்றைத் தெரிய நேரின் குழந்தையைத் தெரிவதே அறம். ஆயின் அத்தகைய தெரிவு அரிதாகவே நேரும். குட்டி கேட்பது சில கரண்டி நீர், ஒரு பழந்துணி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை கண்விழிப்பு. பெரும்பாலும் அதன் எதிரே நிற்பது மனிதனின் பசியன்று, மனிதனின் உறக்கமே.

இயற்கை அதனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்போரும் உளர். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் இவர்க்கு விடையளிக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. கொண்டுவந்தோரின் தேவை தீர்ந்தது, குதிரைகள் எஞ்சின. கோடையில் நீர்நிலைகள் வற்றுங்காலத்து அவை தாகத்தால் மடிவதுண்டு. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடல் சூழ்ந்த தீவில் மனிதர் கொண்டுவந்து விட்ட உயிர் வேற்றிடம் நாடவியலாது வாடுவதை இயற்கையின் செயலென ஒதுக்குதல் பொருந்தாது. பூனையும் அத்தகையதே. எலிக்கு அஞ்சி மனிதன் இல்லத்துள் ஏற்ற உயிர் அது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போரினால் தீவக மக்கள் ஊர்களை விட்டு நீங்கியபோது நாயும் பூனையும் மாடும் பின்தங்கின. உயிர்தப்பி ஓடியோரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. எனினும், மனிதன் வாழ்வு குலையுமிடத்து அவனைச் சார்ந்த உயிர்களின் வாழ்வும் குலையும் என்பதற்கு அது சான்று.

1789 இல் வெளிவந்த நூலொன்றில் பெந்தம், விலங்குகளைப் பற்றிக் கேட்கவேண்டியது அவை சிந்திக்குமா என்பதன்று, துன்புறுமா என்பதே என்று வாதிட்டார். அவ்வினாவுக்கு விடை கண்டபின்னும் மற்றொன்று எஞ்சுகின்றது: அத்துன்பம் எதனால் தீரும்? இவ்வினாவைக் கேட்பவன் குட்டியைக் கண்டவுடன் தூக்கிச் செல்லவும் மாட்டான். தாய் இரைதேடச் சென்றிருக்கலாமெனச் சற்றே விலகிநின்று பார்ப்பான். அவசர இரக்கம் தாயுள்ள குட்டியையே அநாதையாக்கிவிடக்கூடும். உடல் குளிர்ந்தோ நோயுற்றோ கிடப்பின் காத்திரான்.

இவ்வளவும் அறிந்து பேணினும் குட்டி பிழைக்குமென்ற உறுதியில்லை. தாயற்ற குட்டிகள் பல இறக்கவே செய்யும். அவ்வேளையிலும் விதி என்னும் சொல்லை இறுதியாகவே சொல்லுதல் வேண்டும். அறிய வேண்டியதை அறிந்து, செய்ய வேண்டியதைச் செய்தபின் சொல்லுதல் வேண்டும். அறியுமுன் சொல்லப்படும் விதி, அறியாமை தனக்குத் தேடிக்கொள்ளும் மறுபெயரே.