மழவன் மகள்

திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருவாசி. தேவாரத்தில் அதன் பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். மழநாட்டுத் தலைவன் கொல்லி மழவன் தன் மகளை அங்கேதான் இறைவன் திருமுன்னே கிடத்தினான். அவளுக்கு முயலகன் என்னும் நோய். வலிப்பு என்று இன்று பலர் பொருள் கொள்கிறார்கள். பார்க்காத வைத்தியமில்லை. எதிலும் தீராமல் போன பிறகே கோயிலுக்குக் கொண்டுவந்தான் என்கிறது பெரிய புராணம். அப்போது அங்கு வந்த ஞானசம்பந்தர், உணர்விழந்து கிடந்த பெண்ணைக் கண்டு, இது என்ன என்று கேட்கிறார். தகப்பன் சொல்வதை முழுக்கக் கேட்கிறார். நீ என்ன பாவம் செய்தாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அங்கே அவர் பாடிய பதிகத்தைப் பாருங்கள், அன்பர்களே. முதல் திருமுறையில் 44ஆவது பதிகம் அது. இந்தப் பெண்ணை இப்படி வாடவைப்பது உமக்குப் பெருமையா என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனையே நிறுத்திக் கேட்கிறார். பெற்றவர்களை நோக்கி நாம் நீட்டும் விரலை அவர் சிவனை நோக்கித் திருப்பிவிட்டார்!

வினைக்கொள்கை என்னாவது என்று சைவம் படித்தவர்கள் கேட்பார்கள். அதைச் சம்பந்தர் மறுக்கவில்லை. பின்னர் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தபோது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகமே வினையைப் பற்றியதுதான். ஆனால் அங்கும் காய்ச்சலில் கிடப்பவரிடம் கணக்குக் கேட்கவில்லை. வினை நம்மைத் தீண்டாது என்று தம்மையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டு பாடுகிறார். வினையைத் தனக்குத்தானே எண்ணிப் பார்ப்பது ஞானம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் ஒரு தாயிடம் போய், போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்ல எந்தத் திருமுறையும் நமக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பதிகத்தால் மழவன் மகள் எழுந்து நடந்தாள்; நாங்கள் வேண்டாத தெய்வமில்லை, எங்கள் பிள்ளை எழவில்லையே, எங்கள் பக்தியில் என்ன குறை என்று பெற்றவர்கள் கேட்பார்கள். குறை என்று யார் சொன்னது? அந்தக் குணம் பாடியவரின் பொருட்டு வந்தது. தகப்பனின் பக்தியை நிறுத்துப் பார்த்து அளந்து கொடுத்ததாக அங்கே இல்லை. அப்படியிருக்க, குணமாகாத வீட்டில் நம்பிக்கை குறைவு என்று கணக்குப் போடுவது பொருந்தாது.

மழவனைக் காட்டி வைத்தியத்தைக் கைவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவன் வைத்தியத்தைக் கடந்து வந்தவன், தவிர்த்து வந்தவன் அல்ல. முறையான சிகிச்சை கிடைத்தால் வலிப்புள்ளவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நேர்த்திக்கடன் இருக்கட்டும், அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.