பிறர் விட்டுச் சென்ற ஒலிகள்

பழைய மின்னிசைக் கருவி ஒன்றினுள் கிடக்கும் நாணய அளவு மின்கலத்தை மாற்றுவதில் அறநெறிச் சிக்கல் என்ன இருக்க முடியும்? பழுது பார்ப்பவரின் வேலைதானே அது என்று கேட்கத் தோன்றும். ஆயினும் அவர் கையில் அவ்வேளையில் இருப்பது மின்கலம் மட்டுமன்று.

ஜப்பானின் யமாஹா நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்னும் சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்பனையான கருவி அது. அதன் நினைவகத்தில் 32 ஒலிகளுக்கு இடமுண்டு. வாசிப்பவர் ஆறு அலை இயற்றிகளைப் பலவாறு இணைத்துத் தமக்கென ஓர் ஒலியை உருவாக்கலாம். பத்து எழுத்துகளுக்குள் அதற்குப் பெயரும் சூட்டி அங்கே வைக்கலாம். 32 ஒலிகளும் சேர்ந்து 4096 பைட்டுகளே. இந்தச் சிறு கட்டுரையைக் கணினியில் சேமிக்க அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும்!

‘வைக்கலாம்’ என்றேன், அச்சொல் சற்றே ஏமாற்றக்கூடியது. பெட்டகத்தில் பொருளை வைப்பது போன்றதன்று இது. அந்த நினைவகச் சில்லு மின்னோட்டம் உள்ளவரை மட்டுமே எதையும் பற்றிக்கொண்டிருக்கும். ஓட்டம் அற்றால் கைவிட்டுவிடும். கருவி இயங்கும்போது வீட்டு மின்சாரமே அதற்குப் போதும். அணைத்த பின்னரோ 3 வோல்ட் லித்தியம் மின்கலம் அப்பொறுப்பை ஏற்கிறது. யாரும் வாசிக்காத வேளையில்தான் அதற்கு வேலை. புனித அகுஸ்தீனார் நினைவை விரிந்ததோர் அரண்மனையாகக் கண்டார். இச்சில்லைக் கண்டிருந்தால் வேறு உவமை தேடியிருப்பாரோ என்னவோ! இங்கே நினைவு என்பது சேமிப்பன்று, ஓயாத பிடிப்பு.

இருபது, முப்பது ஆண்டுகள் தாங்கிய மின்கலங்களும் உண்டு. என்றேனும் ஒருநாள் அவையும் ஓயும். அதற்கு முன்பே மாற்ற வேண்டுமெனில், மின்பலகையோடு பற்றவைக்கப்பட்ட பழையதை அகற்ற வேண்டும். அந்த இடைவெளியில் 32 ஒலிகளும் அழிந்துபோகும். நிறுவனம் தந்த ஒலிகளைப் பற்றிக் கவலையில்லை. 1980-களின் பாடல்கள் பலவற்றில் ஒலித்த அந்த மின்பியானோ உட்பட எல்லாம் கோப்புகளாகக் கிடைக்கின்றன. கணினியிலிருந்து மிடி கம்பி வழியே மீண்டும் ஏற்றிவிடலாம். கருவியின் முன்னாள் உரிமையாளர், பெயர் அறியா ஒருவர், இரவுகளில் அமர்ந்து இயற்றியவை இருந்தால் அவற்றுக்கு வேறெங்கும் படியில்லாமல் இருக்கலாம்.

அவர்தாம் கருவியை விற்றுவிட்டாரே, யாரும் கேட்காத ஒன்று அழிவதால் யாருக்கு இழப்பு என்பார் சிலர். வலுவான வாதமே. எல்லாவற்றையும் காப்பது மனிதரால் ஆகாது. மறதியும் ஒரு கொடைதான். ஆனால் இன்னதென்று அறிந்தன்றோ ஒன்றை விட்டுவிட முடியும்? திறந்து பாராமலே அழிப்பவர் எதையும் விட்டுவிடவில்லை. அவருக்கு அங்கே ஒன்றுமே இருந்ததில்லை. அவ்வொலிகள் உள்ளனவா என்று அறியும் கடைசி வாய்ப்பு, பற்றவைக்கும் கோலைக் கையில் பிடித்திருப்பவருக்கே வாய்த்திருக்கிறது. உரிமையாளர் கேட்கவில்லை என்பது அந்தப் பொறுப்பைக் குறைத்துவிடாது என்பதே என் எண்ணம்.

நல்ல பணியாளர்கள் முதலில் மிடி வழியாக அனைத்தையும் கணினிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். சில நொடிகளே ஆகும். பின்பு புதிய மின்கலத்தை நேரே பற்றவைக்காமல், கழற்றி மாட்டத்தக்க தாங்கி ஒன்றைப் பொருத்துகிறார்கள். இனி எத்தனையோ ஆண்டுகள் கழித்து அதைத் திறக்கப் போகிறவர் அவர்களுக்கு முன்பின் தெரியாதவர்.

அந்த 32 பெயர்களையும் சிறு திரையில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். சில இடங்களில் ‘இனிட் வாய்ஸ்’ என்ற வெற்றுப் பெயரே இருக்கும். வேறோர் இடத்தில் ஓர் ஊரின் பெயரோ, ஒரு குழந்தையின் பெயரோ இருக்கலாம். அதை ஒருமுறை வாசித்துக் கேட்டபின், அழிப்பதானால் அழிக்கலாம்.