உபகாரியின் கணக்கு

தொண்டு செய்ய அந்நிய நாட்டுக் கிராமத்துக்குப் போகிறவன் வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் இருவகைச் செய்திகள் இருக்கும். ஒன்று அன்றாடம்: தண்ணீர் சுமந்தது, வயிற்றுக் கோளாறு, உள்ளூர் மொழியில் வணக்கம் சொல்லப் பழகியது. மற்றது சிறு முன்னேற்றம்: கிணறு தோண்ட ஊரார் சம்மதித்தது, பையன்கள் கழித்தல் கணக்குப் போட்டது. முன்னது தன்னைப் பற்றியது, பின்னது ஊரைப் பற்றியது என்று அவன் நினைக்கிறான். எனக்கோ இரண்டுமே அவனைப் பற்றியவையாகத்தான் படுகின்றன.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. அமெரிக்க அரசு பீஸ் கோர் தொண்டர் அமைப்பைத் தொடங்கிய 1961ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில், நைஜீரியாவின் இபதான் நகரில் ஒரு தொண்டர் எழுதிய தபால் கார்டு தபாலில் சேராமல் கீழே விழுந்துவிட்டது. அங்குள்ள வாழ்க்கையின் அசௌகரியங்களை அதில் விவரித்திருந்தார். பல்கலைக்கழக மாணவர்கள் அதைப் பிரதியெடுத்துப் பரப்பினார்கள், எதிர்ப்பு கிளம்பியது, தொண்டர் ஊர் திரும்ப நேர்ந்தது. கார்டில் பொய் இருந்திருக்க வேண்டியதில்லை. உதவி பெறுகிறவன் உதவுகிறவனின் கடிதத்தைப் படித்துவிட்டான், அவ்வளவுதான்.

இதையே வாதமாக்கியவர் இவான் இல்லிச். 1968 ஏப்ரலில், விடுமுறைத் தொண்டுக்காக மெக்ஸிகோ கிராமங்களுக்குப் புறப்படவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் பேசினார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள். உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். நல்லெண்ணம் கொண்டவன் தன் வர்க்கத்தின் வாழ்க்கைமுறையை விற்கவே போகிறான் என்றார் அவர்.

இல்லிச்சின் வாதத்துக்குள் முழுதும் அடங்காத ஓர் அனுபவமும் உண்டு. நம்மூரில் நரம்புச்சிலந்தி என்று சொல்லப்பட்ட நோய் அது. குட்டைநீரிலுள்ள நுண்ணிய பூச்சியோடு உடலுக்குள் போகும் இளம்புழு, சுமார் ஓராண்டு கழித்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் கண்டு வெளிவருகிறது. எரிச்சல் தாங்காமல் காலைக் குட்டையில் வைத்தால் நீர் மறுபடி கெடுகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை, கொல்லும் மருந்தும் இல்லை. புழுவைக் குச்சியில் சுற்றி, தினம் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். வராமல் தடுக்க, குடிநீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். புண்பட்ட காலோடு குட்டையில் இறங்கக்கூடாது. 1986இல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரை வருத்திய இந்நோய் 2023இல் 14 பேருக்குத்தான் வந்தது. கானா நாட்டில் கடைசி நோயாளி 2010இல்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இவ்வேலையில் பீஸ் கோர் தொண்டர்களும் இருந்தார்கள். வீடு வீடாகப் போய் வடிதுணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் வீரத்துக்கு இடமில்லாத காரியங்கள். இன்று வடிகட்டியதன் பலன் அடுத்த ஆண்டுதான் தெரியும். அதுவும் ஒன்று நிகழாமல் போவதாக மட்டுமே தெரியும். தொண்டரின் பணிக்காலமோ இரண்டு ஆண்டு. பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். நடக்காத ஒன்றை யார் பெயரில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நிச்சயம் அந்தத் தொண்டர் பெயரில் அல்ல. ஒவ்வொரு குடத்தையும், அவர் போன பிறகும், வடிகட்டியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். ஊருக்குள்ளேயே இருந்த தொண்டர்கள்தாம் யாருக்குப் புழு கண்டது என்று கவனித்து வந்தார்கள்.

அப்படியானால் இல்லிச் தோற்றாரா? இல்லை என்றே நினைக்கிறேன். போனவனுக்குக் கிடைப்பது நிச்சயம்: ஒரு மொழி, கொஞ்சம் பொறுமை, பிற்பாடு சொல்ல ஒரு கதை. திரும்பி வர டிக்கெட்டும் அவனிடம்தான் இருக்கிறது. ஊருக்குக் கிடைப்பது அவ்வளவு நிச்சயமில்லை. ஆகவே கடன்பட்டவன் அவன்தான். இந்தப் பிரக்ஞையோடு போகிறவனை இல்லிச்சும் தடுத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. அவன் கற்க வந்தவன்.

அவன் கடிதமும் வேறாக இருக்கும். கிழிந்த துணியை நான் கண்டுபிடித்தேன் என்று எழுதமாட்டான். இன்று நான் கேட்பதற்கு முன்பே, அந்த வீட்டு அம்மாள் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைக் காட்டினாள் என்று எழுதுவான். தவறி விழுந்து அவள் கண்ணில் பட்டாலும் அந்தக் கடிதத்தால் பாதகமில்லை.