கடிநாயும் கடியா நாயும்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் வேளையில், பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் காத்து நின்றார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிச் சிறு பட்டறை நடத்துகின்றவர். இரவில் இரும்பு களவு போகின்றதென்று மூன்றாண்டுகளுக்கு முன் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்த்தார். ‘பிட்புல்’ என்னும் இனம். உரிமமும் உரிய காலத்தில் பெற்றுவிட்டார். ஆயினும் செய்தித்தாள்களைப் படித்த வீட்டார் அஞ்சுகின்றனர். “ஹஜ்ரத், ஊசி போட்டு முடித்துவிடு என்கிறார்கள். ஆகுமா, ஆகாதா?” என்று கேட்டார். அந்த நாய் எவரையேனும் கடித்ததுண்டா என்று வினவினோம். இதுவரை இல்லை என்றார்.

ஒரு சொல்லில் விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வருமாறு கூறி அனுப்பினோம். இடைப்பட்ட ஏழு நாட்களில் எண்ணியவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

வீட்டார் அஞ்சுவதில் குற்றம் காண்பதற்கில்லை. 2022 ஜூலையில் லக்னோ நகரில், எண்பது வயது கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அவருடைய மகன் வளர்த்த பிட்புல் கடித்துக் கொன்றது. 2024 மே மாதம் 5ஆம் நாள் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாஃபர்கான்பேட்டையில் ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒருவர், அண்டை வீட்டாரின் பிட்புல் கடித்து உயிர் துறந்தார். நம் பேட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் சென்றடையும் இடம் அது.

அரசாங்கங்களின் நிலையோ தடுமாற்றமாகவே இருந்து வந்துள்ளது. 2024 மார்ச் மாதம் மத்திய கால்நடைத் துறை, பிட்புல், ராட்வைலர், தோசா இனு முதலிய இருபத்து மூன்று இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேளாமல் எழுதப்பட்டதென்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதனை ரத்து செய்தது. பூங்காச் சம்பவத்திற்குப் பின் தமிழக அரசு பிறப்பித்த தடை, பிறந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டிற்கும் புதிய உரிமம் இல்லை, உரிமமின்றி வளர்த்தால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், உரிமம் உள்ளவர் வெளியே கொண்டு செல்லும்போது கழுத்துப்பட்டையும் வாய்மூடியும் கட்டாயம் என்று தீர்மானித்தது.

இந்த நாய் இயல்பிலேயே கொடியதா, அன்றி மனிதரால் தவறாக எண்ணப்படுவதா? இரு கட்சியாரும் இன்று உரத்த குரலில் வழக்காடுகின்றனர். இதனைக் கேட்கையில் நமக்கு பஸ்ராவின் அறிஞர் ஜாஹிழ் நினைவுக்கு வருகின்றார். ஹிஜ்ரி 255இல் மறைந்த அவர், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலின் தொடக்கப் பாகங்களில் நாயின் கட்சிக்காரர் ஒருவரையும் சேவலின் கட்சிக்காரர் ஒருவரையும் எதிரெதிரே நிறுத்தி, பக்கம் பக்கமாய் வாதிட வைக்கின்றார். நாய் இழிந்தது என்பார் ஒருவர். அதன் நன்றியை அடுக்குவார் மற்றவர். பற்பல நாட்கள் அதனைப் படித்தும், எவர் வென்றார் என்று சொல்ல நம்மால் இயன்றதில்லை. ஒரு பிராணியின் இழிவையும் உயர்வையும் எடைபோட முனைந்தால் தராசு ஓயாமல் ஆடும் போலும்.

இன்றைய வழக்கில் மட்டும் சில உண்மைகளை உறுதியாக நிறுக்கலாம். இந்த இனம் காட்டில் தோன்றியதன்று. இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து அதன்மீது நாய்களை ஏவும் கேளிக்கை ஒன்று இருந்தது. 1835இல் சட்டம் அதனைத் தடுத்தது. பின்னர் குழிகளுக்குள் நாயோடு நாயை மோதவிட்டுப் பந்தயம் கட்டினர். ‘பிட்’ என்னும் சொல்லே அக்குழியைக் குறிப்பது. காளைநாயின் வலிமையையும் டெரியரின் விடாப்பிடியையும் கலந்து, பற்றினால் விடாது உலுக்குகின்ற நாயைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து எடுத்தனர். அதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை; அவ்வாறு தனிப்பட்ட பூட்டு எதுவும் அதன் எலும்பில் இல்லை. விடாமல் பற்றும் குணம் மட்டும் கதையன்று. மறுபுறம், 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றித் திரட்டிய விவரங்களின்படி, நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனம் விளக்குவது நூற்றுக்கு ஒன்பது பங்கே. 2007இல் வெர்ஜீனியா மாநிலத்தில் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவரின் சண்டைக் களத்திலிருந்து மீட்கப்பட்ட ஐம்பதுக்கு அண்மையான பிட்புல் நாய்களில் பல, பின்னர் குழந்தைகள் உள்ள வீடுகளிலும் அமைதியாக வாழ்ந்தன. நெதர்லாந்து 1993இல் விதித்த பிட்புல் தடையைப் பதினைந்தாண்டுகளுக்குப் பின் கைவிட்டது. பிரிட்டனோ 1991இன் சட்டத்தைத் தளர்த்தாமல், 2023இன் இறுதியில் மற்றோர் இனத்தையும் பட்டியலில் சேர்த்தது. ஆக, அனுபவமுள்ள நாடுகளும் ஒருமுகப்படவில்லை.

நம்முடைய கலை மொழி; ஆகவே நாம் மொழியின் வழியே செல்வோம். இஹ்ராமிலும் ஹரமிலும்கூடக் கொல்லலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த ஐந்து பிராணிகளுள் ஒன்று ‘அல் கல்புல் அகூர்’. வெறுமனே ‘கல்பு’ என்று நிற்காமல் ‘அகூர்’ என்னும் அடைமொழி அதனைத் தொடர்கின்றது. ‘அக்ர்’ என்றால் காயப்படுத்துதல். ‘ஃபஊல்’ என்னும் வாய்பாட்டில் வரும் பெயர், ஒரு செயலை மிகுதியாகவும் வழக்கமாகவும் செய்பவரைக் குறிக்கும். கஃபூர், ஷகூர் என்பனவும் அவ்வாய்பாடே. அப்துல் கஃபூர் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவோரில் எத்தனை பேர் இதனை எண்ணியிருப்பர்! எனவே அகூர் என்பது குலத்தின் பெயராகாது, செயலின் பெயர். இமாம் மாலிக் (ரஹ்) ‘முவத்தா’வில் இதனை விரிக்கும்போது, மனிதரைக் காயப்படுத்துவது, அவர்கள்மீது பாய்வது, அவர்களை அச்சுறுத்துவது எதுவாயினும், சிங்கமோ சிறுத்தையோ ஓநாயோ, அகூர் ஆகும் என்கின்றார். பாயாத பிராணிகளை அவ்வகையில் சேர்க்கவில்லை. கழுதைப்புலி, நரி, பூனை ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றார். பல் உண்டு, நகம் உண்டு. ஆயினும் தாக்குவது அவற்றின் வழக்கமன்று.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால், ‘பார்த்தீர்களா, இனத்தைப் பழிக்கக் கூடாது’ என்று நாயின் கட்சிக்காரர் எழுந்து செல்லலாம். ஆனால் நேர்மையாகப் பேசுகின்றவர் தமக்கு எதிரான சான்றையும் எடுத்து வைக்க வேண்டும். மதீனாவில் ஒரு காலத்தில் நாய்களைக் கொல்லுமாறு கட்டளை பிறந்ததும், அவையும் ஒரு சமுதாயம் என்ற காரணத்தால் பின்னர் அது நிறுத்தப்பட்டதும், முழுக் கருமையான நாய் மட்டும் விதிவிலக்காகக் கூறப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. ஹன்பலி மத்ஹபில் கருநாயைக் கொண்டு வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டது. அங்கே அடையாளம் செயலன்று, நிறமே. நாம் இதனை மறைக்கப் போவதில்லை. ஆயினும் ஷாஃபிஈ மேதைகளுள் இமாமுல் ஹரமைன் அவர்களின் கூற்றை எடுத்தெழுதும் இமாம் நவவீ (ரஹ்), கட்டளை படிப்படியாக மாறி, தீங்கிழைக்காத நாய் எதுவாயினும், கருநாய் உட்பட, கொல்லப்படலாகாது என்பதில் வந்து நிலைத்தது என்று விளக்குகின்றார். இந்த நகர்வின் திசையே நமக்கு முக்கியமாகப் படுகின்றது. மொத்தத்தில் தொடங்கி, தோற்றத்திற்குக் குறுகி, செயலில் வந்து நின்றது.

இனி ஒரு கூர்மையான வாதத்தையும் பார்க்க வேண்டும். சில அன்பர்கள், ‘பிறப்பைக் கொண்டு ஒரு நாயைக் குற்றவாளி என்பது, பிறப்பைக் கொண்டு மனிதரைக் குற்றவாளி என்பதைப் போன்றது’ என்கின்றனர். நம் நாடு அக்கொடுமையைக் கண்ட நாடுதான். 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், தொட்டிற் குழந்தையையும் திருடனாக எழுதி வைத்தது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். ஒரு பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஐயத்தோடு நோக்கப்படுவது எத்தகையது என்பதை, வாடகை வீடு தேடி அலைந்த நம் சமுதாயத்தவர் பலரும் அறிவர். ஆகவே இவ்வாதம் நம் உள்ளத்தைத் தொடுகின்றது. தொட்டாலும் அதனை ஏற்க இயலவில்லை. மனிதனுக்குத் தக்லீஃப் உண்டு. நன்மை தீமையைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு உண்டு. அவனுடைய குணத்தை எவரும் குழியில் இறக்கிச் சோதித்துத் தேர்ந்து வளர்த்ததில்லை. நாயின்மீது விதிக்கப்படும் கட்டுப்பாடு தண்டனையன்று. அது மதகுக்குப் பூட்டு இடுவது போன்ற காப்பு. நாயையும் மனிதரையும் ஒரே தட்டில் வைப்பது, பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்கும் கண்ணியம் செய்வதாகாது.

ஆகவே கேள்வியை நாம் சற்றே மாற்றிக் கேட்கின்றோம். இந்த நாய் கெட்டதா என்பதை விட்டு, இது தவறினால் நேரும் இழப்பை எவர் சுமப்பது என்று கேட்போம். பத்து நாய்களில் எத்தனை கடிக்கும் என்பது ஒரு கணக்கு. கடித்தால் என்ன ஆகும் என்பது வேறொரு கணக்கு. பொமரேனியன் கடித்தால் தையல் போடலாம். பிட்புல் பற்றிவிட்டால், விடுவிக்க இரண்டு ஆண்கள் போராட வேண்டும். இரண்டாவது கணக்கைப் பார்த்தே மாநகராட்சி தீர்மானித்திருக்குமாயின், அதனை அநீதி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வாயில்லாப் பிராணி இழைத்த காயத்திற்கு ஈடில்லை என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. உடையவரின் கவனக்குறைவு அவ்விதியை உடைத்துவிடும். இரவில் ஆடுகள் ஒருவரின் விளைச்சலை மேய்ந்த வழக்கில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்த செய்தி திருமறையின் ‘அன்பியா’ அத்தியாயத்தில் உள்ளது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடன், இரவில் கால்நடையைக் காப்பது கால்நடைக்காரர் கடன் என்று நபிகளாரின் தீர்ப்பும் உண்டு. கடிக்கும் நாயென்று அறிந்தபின் அவிழ்த்து விட்டவர் ஈடு செலுத்த வேண்டும் என்று சட்ட மேதைகள் எழுதினர். நம் நாட்டின் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, விலங்கை அசட்டையாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கின்றது. ஒரு குழந்தையின் தலைத்தோலுக்கு முன் ஐயாயிரம் ரூபாய் எம்மாத்திரம்!

இங்கே நம் புறநகருக்கே உரிய வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். அடுத்துள்ள திருமுல்லைவாயில் ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. பூந்தமல்லியும் சென்னையின் எல்லைக்கு அப்பால் உள்ளது. டிசம்பர்த் தீர்மானம் வெளிவந்தபின் நம் மாணவரின் உறவினர் ஒருவர், “அபராதம் அந்தப் பக்கம்தான். நாயை இங்கே கொண்டுவந்து விடு, கம்பெனிக் கொட்டகையில் கட்டிப்போடுகிறேன்” என்றாராம். ஒரு சாலையைக் கடந்ததும் நாயின் பல் மழுங்கிவிடுமா? மூன்றாண்டுகள் ஒருவர் கையில் உண்டு வளர்ந்த பிராணியை, அதன் போக்கை அறியாதவரிடம் கொடுத்து நான்கடிச் சங்கிலியில் கட்டி வைத்தால், இதுவரை அகூர் ஆகாததை நாமே அகூர் ஆக்கியவராவோம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் கதியும், தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் முகந்து கொடுத்தவளின் பாக்கியமும் மக்தபின் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள்.

ஏழு நாட்களுள் ஒரு மாலை, அறிவிக்காமல் அந்தப் பட்டறைப் பக்கம் நடந்து சென்றோம். கம்பி வாயில். அதன் பின்னே செம்பழுப்பு நிற நாய், அகன்ற நெஞ்சு. நாம் நெருங்கியதும் பாய்ந்து வந்து முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி நின்று குரைத்தது. ஐம்பது வயது கடந்த நமக்கு முழங்கால் தளர்ந்தது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நம் மாலை மக்தபிற்கு வரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சில மாதங்களாகத் தாமதமாக வருகின்றாள். பலமுறை கண்டித்திருக்கின்றோம். அவள் வீடு அந்தப் பட்டறைக்கு அப்பால். மறுநாள் கேட்டபோது தலைகுனிந்து, அடுத்த தெரு வழியே சுற்றி வருவதாகச் சொன்னாள். இமாம் மாலிக் அவர்களின் வரையறையில் காயப்படுத்துவதோடும் பாய்வதோடும் நில்லாமல், அச்சுறுத்துவதும் இருக்கின்றதே! கடித்ததில்லை என்று மாணவர் சொன்னது உண்மை. நாம் வினவியதோ கடித்ததா என்று மட்டுமே.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். தீங்கிழைக்காத நாயைக் கொல்வது ஆகாது என்றோம். வேட்டை, மந்தை, பயிர் ஆகியவற்றுக்கு நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் இடமுண்டு. காவலையும் அவற்றோடு ஒப்பிட்டு ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். களவுக்கு அஞ்சும் பட்டறைக்கு அது பொருந்தும். அழகுக்கும் வீம்புக்கும் வைத்திருப்பவருக்கு அன்றாடம் நன்மை குறையும் என்ற எச்சரிக்கை உம்மைச் சாராது என்று துணிந்து சொல்கின்றோம். ஆனால் கம்பி வாயிலை எடுத்துவிட்டுத் தகட்டு வாயில் போடும், இன்னொரு குட்டி ஈனுவதற்கு இடங்கொடாதீர், திருமுல்லைவாயிலுக்கு அனுப்பாதீர், வாய்மூடி இன்றி வாசலைத் தாண்ட விடாதீர், இவற்றுள் எதையும் செய்ய இயலாதென்றால் வேறு பேச்சுப் பேச வேண்டியிருக்கும் என்றோம். தகட்டு வாயிலுக்கு என்ன செலவாகும் என்று மனத்துக்குள் கணக்கிட்டபடியே அவர் தலையசைத்தார். இரும்பு வேலை செய்கின்றவர். பத்து நாட்களில் வாயில் மாறிவிட்டது.

சிறுமி இன்னும் அடுத்த தெரு வழியாகவே வருகின்றாள். தகட்டுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்கின்றதாம். அவளுக்கு மட்டும் பாடத்தைக் கால் மணி நேரம் தாமதித்துத் தொடங்குகின்றோம்.