யாருக்கு யார் வாரிசு

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவமனையில் ஒரு படிவத்தை நீட்டி, "நோயாளிக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்கிறார்கள். வங்கியில் கணக்குத் தொடங்கும்போது நாமினி யார் என்று கேட்கிறார்கள். ஒருவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போனால், அவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். மூன்றும் ஒரே கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் மருத்துவமனை தேடுவது ஆபத்தில் பக்கத்தில் நிற்கும் ஒருவரை. வங்கி தேடுவது பணத்தை வாங்கிக்கொள்ளும் ஒருவரை. மூன்றாவது கேள்விதான் உரிமை உடையவரைத் தேடுகிறது. மூன்று இடத்திலும் ஒரே ஆள் வந்து நிற்பார் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

இதை அறியாததால் உடைந்த குடும்பங்கள் பல. ஆயுள் காப்பீட்டின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அது வாரிசுகளுக்கே சேரும் என்று 1983ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோரையோ கணவன் மனைவியையோ பிள்ளைகளையோ நாமினியாக எழுதினால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்றாக்கினார்கள். கம்பெனிப் பங்குகளில் நாமினி உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்பதை 2023ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. வங்கி வைப்புத் தொகைக்கும் அதுவே விதி.

அப்படியானால் வாரிசு யார்? நம் நாட்டின் பழைய நூல்கள் இதற்கு இரண்டு விதமாக விடை தேடின. விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம் உடலைக் கணக்கில் எடுத்தது. ஒரே முன்னோரின் உடற்கூறு யாரிடம் கிட்டத்தில் தொடர்கிறதோ அவரே நெருங்கியவர். வங்காளத்தில் வழங்கிய ஜீமூதவாகனரின் தாயபாகம் கடமையைக் கணக்கில் எடுத்தது. இறந்தவருக்குப் பிண்டம் வைத்துப் பயன் சேர்ப்பவருக்கே பொருளும் உரியது. கொள்ளி போட்டவனுக்குத்தான் சொத்து என்று நம் ஊர்களில் இன்றும் பேசுவதில் அதற்கு நெருக்கமான ஓர் எண்ணம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் புதிய பட்டியலைப் போட்டது. உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வரிசையில் சமமாக நிற்கிறார்கள். பெண் இறந்தால் பட்டியல் மாறுகிறது. முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகள். பெற்றவர்களின் முறை அதற்கும் பிறகே வருகிறது.

இந்த வரிசை ஒரு வாழ்க்கையை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1955ல் திருமணமான ஒரு பெண், மூன்று மாதத்துக்குள் கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினார்கள். பெற்றோர் அழைத்து வந்து படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார், சம்பாதித்தார், சேர்த்தார். புகுந்த வீட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1996ல் இறந்தபோது வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பெரிய தொகை இருந்தது. உயில் இல்லை. பெற்ற தாய் வாரிசுரிமைச் சான்று கேட்டு நீதிமன்றம் போனார். இறந்துபோன கணவரின் சகோதரி மகன்களும் அதே பணத்தைக் கேட்டார்கள். 2009ல் உச்ச நீதிமன்றம் பணம் அவர்களுக்கே என்றது. பரிவை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தப் பெண் மகனாகப் பிறந்திருந்தால், அதே தாய் முதல் வரிசையிலேயே நின்றிருப்பார். பெண் தானே சம்பாதித்த பொருளில் பிறந்த வீட்டாருக்கும் இடம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2008லேயே பரிந்துரைத்திருந்தது. ஆனால் சட்டத்தில் அந்த வரிசை இன்னும் அப்படியே இருக்கிறது. அது மாறியே ஆக வேண்டும்.

இதைப் படிக்கும் எவருக்கும், அன்பு காட்டியவருக்கே சொத்து என்று சட்டம் எழுதினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அன்பை அளந்து பங்கு பிரிக்கத் தொடங்கினால் அளவுகோல் யார் கையில் இருக்கும்? வீட்டோடு இருக்கும் மகன், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பார்த்து, "அப்பாவை நீ எத்தனை தடவை வந்து பார்த்தே?" என்று கேட்பான். வாழ வந்த விதவையைப் பார்த்து மாமியார் வீடு அதையே கேட்கும். இன்றும் பல வீடுகளில், தாய்வீட்டுச் சீரும் உறவும் வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்று அக்கா தங்கைகளிடம் சொல்லாமல் சொல்கிறார்கள். தமிழ்நாடு 1989ல் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. 2005ல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, தந்தை 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மகள் பாசமானவளா என்று இந்தச் சட்டங்கள் கேட்கவில்லை. கேட்காததால்தான் அவளுக்குப் பங்கு கிடைத்தது. எளியவரைக் காக்க வேண்டுமானால் சட்டம் மனதைத் துருவிப் பார்க்காமல்தான் இருக்க வேண்டும்.

ஆகவே வாரிசு வரிசை என்பது, பேசாமல் போனவரின் சார்பில் சட்டம் செய்யும் ஊகம். பொதுவாக எல்லா மனிதர்களுக்கும் யார் வேண்டியவர்களாக இருப்பார்களோ அவர்களை அது எழுதி வைக்கிறது. இந்த ஒரு மனிதருக்கு யார் வேண்டியவர் என்பது அதற்குத் தெரியாது. வயதான காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அண்ணன் மகளை அதற்குத் தெரியாது. முப்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்த தோழியைத் தெரியாது. தத்துப் பத்திரம் இல்லாமல் வளர்த்த பிள்ளையைத் தெரியாது. அவர்களை அறிந்தவர் ஒருவர்தான். அவர் வாய் திறக்க வேண்டும்.

திறப்பதற்குப் பெரிய தடையும் இல்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் உயில் செல்லும், சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மனநல சிகிச்சையில் தன் சார்பில் நிற்பவரை வெறும் தாளில் எழுதிக் கொடுக்க வயது வந்த எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. அவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனாலும் உயில் என்றதும் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்கிறோம். பிள்ளைகள் மனம் நோகும் என்கிறோம். பேசாமல் போனால் அந்த நோவு பல மடங்காகி, நாம் இல்லாத நேரத்தில் நீதிமன்றத்தில் போய் நிற்கிறது.

பிறப்பும் திருமணமும் நமக்கு உறவினரைத் தருகின்றன. அவர்களிலும் அவர்களுக்கு வெளியிலும் யார் நம் சுமையைத் தாங்கினார்கள், யாருடைய சுமையை நாம் தாங்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை வாழ்க்கை காட்டுகிறது. அதை ஊரறியச் சொல்வது நம் பொறுப்பு. உயில் என்பது சொத்துக் கணக்கு மட்டும் இல்லை. இவர் எனக்கு வேண்டியவர் என்று ஒரு மனிதர் தரும் கடைசி வாக்குமூலம் அது. சட்டத்துக்கு அன்பைக் கண்டுபிடிக்கும் கண் கிடையாது. ஆனால் நாம் எழுதி வைத்த அன்புக்கு அது கட்டுப்படும்.